வேறொருவர் பெயரை ஒட்டினாலும் பொருந்திய அறிக்கை: ஓர் இளம் லெப்டினன்டின் முதல் பணி மதிப்பீடு

இளநிலை ராணுவ அதிகாரிகளின் பணி மதிப்பீட்டை எப்படி எழுதுவது என்று, கம்பெனி எனப்படும் படைப்பிரிவின் பொறுப்பைப் புதிதாக ஏற்கும் கேப்டன்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒரே ஒரு நிகழ்வைத்தான். நான் எழுதிக் கெடுத்து, பிறகு உட்கார்ந்து திருத்திய அறிக்கை அது. சம்பந்தப்பட்டவர்களின் பணிவாழ்க்கையைத் தொடும் செய்தி என்பதால் படை, இடம், ஆண்டு, ஆட்களின் பெயர் எதையும் இங்கே தரவில்லை.

அப்போது நான் ஒரு போக்குவரத்துக் கம்பெனிக்குக் கமாண்டர். கம்பெனியின் உட்பிரிவுகளான நான்கு பிளட்டூன்களில் இரண்டுக்குப் பயிற்சி முடித்து நேராக வந்த லெப்டினன்ட்கள் தலைமை. ஒருவர் முதல் பிளட்டூன், இன்னொருவர் மூன்றாம் பிளட்டூன். இருவருடைய முதல் அறிக்கையையும் எழுத வேண்டிய முதல் மதிப்பீட்டாளர் நான். என் பகுதியைப் படித்துவிட்டுத் தன் கருத்தைச் சேர்த்துக் கையெழுத்திட வேண்டிய மேல் மதிப்பீட்டாளர், பல கம்பெனிகள் அடங்கிய பட்டாலியனின் கமாண்டர்.

முதல் பிளட்டூன் லெப்டினன்ட் பேச்சில் வல்லவர். வரைபடத்தின் முன் நின்று விளக்கத் தொடங்கினால் அறையில் இருக்கும் மூத்த அதிகாரிகள்கூடக் குறிப்பெடுப்பார்கள். மூன்றாம் பிளட்டூன் லெப்டினன்ட் கேட்டால் மட்டும் பதில் சொல்வார். அவரை அலுவலகத்தில் பார்ப்பது அரிது. பெரும்பாலும் வண்டி நிறுத்துமிடத்தில், கை முழுக்கக் கிரீஸோடு இருப்பார். எட்டு மாதம் நான் இருவரையும் தினம் பார்த்தேன். ஆனால் ஒரு வரிகூடக் குறித்துவைக்கவில்லை.

கெடுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மாலையில் உட்கார்ந்து இரண்டு அறிக்கைகளையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். மூன்றாம் பிளட்டூன் லெப்டினன்டைப் பற்றி நான் எழுதியது இதுதான்:

"கடமையுணர்வும் உற்சாகமும் மிக்க இளம் அதிகாரி. கீழ்ப் பணிபுரிவோருடன் நல்லுறவு பேணுகிறார். ஒப்படைத்த பணிகளைத் திறம்பட நிறைவேற்றுகிறார். எதிர்காலத்தில் இவரிடம் நிறைய எதிர்பார்க்கலாம். நேரம் தவறாமையில் கூடுதல் கவனம் தேவை."

மறுநாள் காலை பட்டாலியன் கமாண்டர் கூப்பிட்டார். மேசையில் இரண்டு அறிக்கைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கையெழுத்து இல்லை.

"இந்த இரண்டிலும் பெயரை மாற்றி ஒட்டிவிட்டால் கண்டுபிடிப்பீர்களா?" என்று கேட்டார்.

படித்துப் பார்த்தேன். கடைசி வரியைத் தவிர மற்றவை அப்படியே பொருந்தின. முதல் பிளட்டூன்காரருக்கு "தலைமைப் பண்பு அபாரம்" என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

"அந்தக் கடைசி வரி எங்கிருந்து வந்தது?" என்றார்.

"ஒரு இரவு கான்வாய் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்தது, சார்."

"ஏன் தாமதம்?"

எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதப் பணியில் அவரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டும் ஒரே வரியை நான் எழுதியிருக்கிறேன், அதற்கான காரணம் எனக்கே தெரியவில்லை. பட்டாலியன் கமாண்டர் வேறெதுவும் சொல்லாமல் இரண்டு தாள்களையும் என் பக்கம் நகர்த்தினார்.

அந்த இரவு நடந்தது

நேராக மூன்றாம் பிளட்டூன் சார்ஜென்டிடம் போனேன். அவர் சொன்னதையும், பிறகு கோப்பில் தேடி எடுத்த மூன்று வரிக் குறிப்பையும் வைத்து நிகழ்வை அடுக்க முடிந்தது. அந்தக் குறிப்பின் ஓரத்தில் என் சுருக்கொப்பம் இருந்தது. படிக்காமலே ஒப்பமிட்டிருக்கிறேன்.

வரிசையாகச் செல்லும் பதினான்கு லாரிகள். நல்ல மழை. நடுவழியில் ஓய்வுக்கு நிறுத்தியபோது லெப்டினன்ட் வழக்கம்போல வரிசையின் முன்னிருந்து பின்னுக்கு நடந்திருக்கிறார். ஆறாவது லாரியின் பின்சக்கர விளிம்பில், ஒரு நட்டைச் சுற்றித் துருநிறத்தில் ஒரு கீற்று வழிந்திருந்தது. டார்ச்சை அருகே கொண்டுபோய்க் கையால் திருகிப் பார்த்தார். நட்டு அசைந்தது. அந்தச் சக்கரம் இரண்டு நாள் முன்புதான் மாற்றப்பட்டது. சக்கரம் மாற்றினால் சிறிது தூரம் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும், அது நடக்கவில்லை.

ஒரு லாரியைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பியிருந்தால் பத்து நிமிடத்தோடு போயிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. அதே வாரத்தில் அதே பட்டறையில் வேறு எத்தனை சக்கரங்கள் மாற்றப்பட்டன என்று டிரைவர்களைக் கேட்டார். சரியான பதில் கிடைக்கவில்லை. உடனே வயர்லெஸ்ஸில் கம்பெனியைக் கூப்பிட்டு, "ஒரு மணி நேரம் தாமதமாவோம். எல்லாச் சக்கரங்களையும் சோதிக்கிறேன். முடிவு என்னுடையது" என்று சொல்லியிருக்கிறார். அந்தச் செய்தி பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. எனக்கு வந்து சேர்ந்தது முதல் பாதி மட்டும்.

மழையில், டார்ச் வெளிச்சத்தில், ஸ்பேனரோடு பதினான்கு லாரிகளின் சக்கரங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். மேலும் இரண்டு லாரிகளில் தளர்ந்த நட்டுகள் இருந்தன. அதில் ஒன்று ஆட்களை ஏற்றிவந்த லாரி.

அடுத்த வாரம் முதல் மூன்றாம் பிளட்டூனின் ஒவ்வொரு சக்கர நட்டிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு தோன்றியது. நட்டில் தொடங்கிச் சக்கரத்தின் இரும்பில் முடியும் நேர்கோடு. நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு முறிந்து தெரியும். குனிந்து தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை, நடந்துகொண்டே கண்டுபிடிக்கலாம். அந்தக் கோடுகளை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த அதிகாரியின் எட்டு மாதப் பணி முழுவதிலும் அவருடைய தீர்மானிக்கும் திறனுக்கு மிகச் சிறந்த சான்று இதுதான். என் கையில் அது குறையாக மாறியிருந்தது. பொய் எழுதவில்லை, பழிவாங்கவில்லை. விசாரிக்காமல் எழுதினேன். பெரும்பாலான மோசமான அறிக்கைகள் இப்படித்தான் பிறக்கின்றன என்று பிறகு பல கோப்புகளைப் படித்தபோது தெரிந்தது. கெட்ட எண்ணத்தால் கெட்ட அறிக்கைகளைவிட, கெடு நாளில் நினைவிலிருந்து அள்ளிப் போட்டதால் கெட்டவையே அதிகம். நினைவுக்குக் கடைசி மாதமும், கோபம் வந்த நாளும் மட்டும் நன்றாகத் தெரிகின்றன.

யாருக்காக எழுதுகிறோம்

அறிக்கை அந்த அதிகாரிக்காக எழுதப்படுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவரைப் பாராட்டவும் அறிவுரை சொல்லவும் வேறு இடங்கள் இருக்கின்றன. இந்தத் தாளைப் படித்து முடிவெடுக்கப் போகிறவர் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கும் ஓர் அந்நியர். அவர் அந்த லெப்டினன்டைப் பார்த்ததில்லை, என்னையும் பார்த்ததில்லை. குவியலாகக் கிடக்கும் கோப்புகளில் இந்த ஒரு கோப்புக்குச் சில நிமிடங்கள் ஒதுக்குவார். "கடமையுணர்வு மிக்கவர்" என்ற சொல்லை அவர் அன்றைக்கு எத்தனையோ முறை படித்திருப்பார். அவருக்குத் தேவைப்படுவது மூன்று செய்திகள். இவர் எதைச் செய்தார், எந்த நிலையில் செய்தார், இவரை அடுத்து எங்கே வைக்கலாம்.

வெறும் வசைச் சொல்லும் வெறும் புகழ்ச் சொல்லும் இந்த இடத்தில் ஒரே அளவுதான் பயன்படும். அமெரிக்க ராணுவ மதிப்பீட்டின் தொடக்கமாக அடிக்கடி காட்டப்படுவது 1813-இல் லூயிஸ் காஸ் என்ற ஜெனரல் தன் 27-ஆம் காலாட்படை ரெஜிமென்டின் அதிகாரிகளைப் பற்றி அனுப்பிய பட்டியல். ஒருவரை நல்ல மனிதர், ஆனால் அதிகாரியாகத் தகுதியில்லாதவர் என்கிறார். இன்னொருவரை எல்லோரும் வெறுக்கும் கயவர் என்கிறார். மிகக் கீழ்நிலை அதிகாரிகளான என்சைன்களில் ஒருவரை மண்ணின் கசடு என்ற அளவுக்குத் தள்ளுகிறார். துணிச்சலான எழுத்து, சந்தேகமில்லை. ஆனால் இவர்கள் என்ன செய்தார்கள் அல்லது செய்யத் தவறினார்கள் என்பது அதில் இல்லை. பயிற்சி கொடுத்தால் தேறுவார்களா, வேறு பணிக்கு ஏற்றவர்களா, ஒன்றும் தெரியாது. காஸ் திட்டினார், நான் புகழ்ந்தேன். இரண்டையும் படிக்கும் அந்நியர் வெறுங்கையோடுதான் எழுந்து போவார்.

எல்லோரும் எல்லோரையும் உச்சத்தில் வைத்து எழுதும் பழக்கத்தைப் படைகள் வெவ்வேறு வழிகளில் கட்டுப்படுத்தப் பார்த்திருக்கின்றன. அமெரிக்கத் தரைப்படை 2014-இல் கொண்டுவந்த படிவத்தில், மேல் மதிப்பீட்டாளர் ஒரே பதவித் தரத்தில் தான் மதிப்பிடுவோரில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே மிக உயர்ந்த மதிப்பைக் காட்டும் உச்சப் பெட்டியைக் குறிக்கலாம். அமெரிக்க மரைன் படையின் படிவத்தில் 14 பண்புகள், ஒவ்வொன்றுக்கும் ஏ முதல் ஜி வரை மதிப்பு. அடிமட்டமான ஏ-யையும் உச்சமான எஃப், ஜி இரண்டையும் போட்டால் காரணத்தை எழுத்தில் நிறுவ வேண்டும். அதோடு, ஒருவர் போடும் மதிப்பை அவரே அதே பதவித் தரத்தினருக்கு இதுவரை போட்ட மதிப்புகளின் சராசரியோடு ஒப்பிட்டு 80 முதல் 100 வரையிலான அளவில் காட்டுகிறார்கள். 90 என்றால் அந்த மதிப்பீட்டாளரின் சராசரி. தாராளமாக அள்ளிக் கொடுப்பவரின் உயர்ந்த மதிப்பு அங்கே தானாகவே மதிப்பிழக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த 14-ஆவது பண்பு. மற்றவர்களை மதிப்பிட்டு அறிக்கை எழுதும் கடமையை அந்த அதிகாரி எப்படி நிறைவேற்றுகிறார் என்பதையே அதில் மதிப்பிடுகிறார்கள்.

இந்தக் கட்டுப்பாடுகள் எண்களைத்தான் அடக்கும், வாக்கியங்களை அடக்காது. உச்சப் பெட்டி கிடைக்காத பாதிப் பேரில் யார் எப்படிப்பட்டவர் என்பது எழுத்தில்தான் தெரிய வேண்டும்.

ஒரு லெப்டினன்டின் அறிக்கைதானே, இப்போதைக்கு இதனால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கிற மதிப்பீட்டாளர்களுக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 25 அன்று வழங்கிய லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கின் தீர்ப்பைப் படிக்கச் சொல்வேன். குறுகியகாலப் பணியில் சேர்ந்த பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்குவது குறித்து 2020 பிப்ரவரியில் வந்த தீர்ப்புக்குப் பின் அவர்களுடைய ஆண்டு ரகசிய அறிக்கைகள், அதாவது இதே வகைப் பணி மதிப்பீடுகள், தேர்வுக்கு எடுக்கப்பட்டன. பல ஆண்டுகளுக்கு முந்தைய அறிக்கைகள் அவை. அவை எழுதப்பட்ட காலத்தில் அந்த அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணிக்கான வாய்ப்பே இருக்கவில்லை, அதனால் அக்கறையின்றி எழுதப்பட்டன என்பது மனுதாரர்களின் வாதம். எல்லோருக்கும் பொது என்று தோன்றும் அளவுகோலே அவர்களைப் பாகுபாட்டுக்கு உள்ளாக்கியது என்று நீதிமன்றம் கண்டது. எழுதியவர்கள் அன்றைக்கு யாரையும் கெடுக்க நினைத்திருக்க மாட்டார்கள். இந்த அறிக்கையை யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை என்ற நினைப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது. ஒரு சிப்பாயின் துப்பாக்கியைச் சோதிக்கும்போது, இது இன்றைக்குச் சுடப் போவதில்லை என்று விட்டுவிடுகிறோமா?

திருத்தி எழுதியது

எனக்கு மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவான அவகாசம் இருந்தது. முதலில் பதிவேடுகளை எடுத்தேன். வண்டிகளின் நிலை, பயிற்சி, விடுப்பு, விபத்து, தண்டனை. பிறகு இரண்டு சார்ஜென்ட்களிடமும் பட்டறைப் பொறுப்பாளரிடமும் பேசினேன். கடைசியாக அந்த லெப்டினன்ட்கள் இருவரையும் தனித்தனியே அழைத்து, இந்த எட்டு மாதத்தில் நீங்கள் செய்ததில் எது நிலைக்கும் என்று கேட்டேன். அதிகாரியே தன் பணிகளைக் குறித்துத் தரும் துணைத்தாள் பல படைகளில் உண்டு. எங்களிடமும் இருந்தது. நான் அதை நிரப்பச் சொல்லியிருக்கவில்லை. பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே செய்ய வேண்டிய உரையாடலைக் கடைசி மாதத்தில் செய்தேன்.

மூன்றாம் பிளட்டூன் லெப்டினன்டைப் பற்றிய புதிய பத்தி இப்படி அமைந்தது:

"பொறுப்பேற்றபோது பிளட்டூனின் 24 லாரிகளில் 15 மட்டுமே ஓடும் நிலையில் இருந்தன, எட்டு மாதத்தில் 22 ஆக்கினார். 14 லாரிகளின் இரவு கான்வாயில் தளர்ந்த சக்கர நட்டு ஒன்றைக் கண்டு, தாமதத்துக்குத் தானே பொறுப்பேற்றுக் கான்வாயை நிறுத்தி, எல்லா வண்டிகளையும் சோதித்தார். மேலும் இரண்டு லாரிகளில் இருந்த அதே குறையைச் சரிசெய்தார். பின்னர் இவர் கொண்டுவந்த அடையாளக் கோட்டு முறை பிளட்டூனில் நிலைபெற்றுள்ளது. கூட்டங்களில் தன் கருத்தைத் தானாக முன்வைப்பதில்லை. கேட்டால் துல்லியமாகச் சொல்கிறார்."

கடைசி வரியைப் பற்றி நிறைய யோசித்தேன். அது குறைதான், எழுதத்தான் வேண்டும். ஆனால் "தன்னம்பிக்கை போதாது" என்று எழுதியிருந்தால் அது அவருடைய மனத்தைப் பற்றிய என் ஊகமாக இருந்திருக்கும். கான்வாயை நிறுத்தியவரிடம் தன்னம்பிக்கை இல்லை என்று எப்படிச் சொல்வது? கண்ணால் கண்ட நடத்தையை மட்டும் எழுதினால் படிப்பவர் தாமே எடை போட்டுக்கொள்வார். அறிக்கையில் ஏறும் முன் இதை அந்த அதிகாரியின் முகத்துக்கு நேரே சொன்னேன். தன் குறையை ஒருவர் முதன்முதலாகத் தன் அறிக்கையில்தான் படிக்கிறார் என்றால் அங்கே தவறியவர் மதிப்பீட்டாளர். நேரம் தவறாமை பற்றிய அந்தப் பழைய வரியை நான் அவரிடம் ஒருமுறைகூடச் சொல்லியிருக்கவில்லை.

முதல் பிளட்டூன் லெப்டினன்டின் அறிக்கை இதைவிடக் கடினம். அவருடைய பிளட்டூனில் ஐந்து வண்டிகள் இடையில் நடந்த ஆய்வில் தேறவில்லை. பராமரிப்பு அட்டையில் கையெழுத்து இருந்தது, வேலை நடந்திருக்கவில்லை. அவர் ஒப்படைத்தார், போய்ப் பார்க்கவில்லை. அன்றே அவரிடம் இதைச் சொன்னேன். அதன்பின் வாரம் ஒருமுறை தானே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கத் தொடங்கினார், அடுத்த ஆய்வில் எல்லாம் தேறின. என் முதல் வரைவில் இது எதுவும் இல்லை. முதல் அறிக்கையிலேயே கறை வேண்டாமே என்று விட்டிருந்தேன். அப்படி விட்டது அவருக்குச் செய்த நன்மை ஆகாது. தவறு, சுட்டல், திருத்தம் மூன்றையும் சேர்த்து எழுதியபோதுதான் அவர் கற்றுக்கொள்ளக்கூடியவர் என்பது தெரிந்தது. ஓர் இளம் அதிகாரியைப் பற்றித் தேர்வுக் குழு அறிய விரும்புவதும் அதைத்தான். "தலைமைப் பண்பு அபாரம்" என்ற வரியை எடுத்துவிட்டு, பட்டாலியன் பயிற்சித் திட்டத்தை அவர் விளக்கிய விதத்தையும், பிறகு மற்ற கம்பெனிகள் அதே வரைவைக் கேட்டு வாங்கியதையும் எழுதினேன்.

மேல் மதிப்பீட்டாளரின் பகுதியில் பட்டாலியன் கமாண்டர் எழுதியது மிகச் சுருக்கம். மூன்றாம் பிளட்டூன் லெப்டினன்டைப் பற்றி, "நான் மதிப்பிடும் ஒன்பது லெப்டினன்ட்களில் இரண்டாமவர். பராமரிப்பு அதிகாரி பொறுப்பை இப்போதே தரலாம். அதன்பின் கம்பெனியின் துணைக் கமாண்டராக்குங்கள்" என்று எழுதினார். வரிசை எண் இருப்பதால் அந்நியருக்கு அளவு கிடைக்கிறது, அடுத்த பதவியின் பெயர் இருப்பதால் திசை கிடைக்கிறது. பழகிய வாசகர்கள் இவை இல்லாததையும் படிப்பார்கள். புகழ்ச்சி பக்கம் முழுக்க இருந்து, எத்தனையாவது இடம் என்பதும் அடுத்து என்ன என்பதும் இல்லாவிட்டால், எழுதியவர் எதையோ சொல்லத் தயங்குகிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டது மறதியால் என்றாலும் விளைவு அதுதான்.

அதன்பின் நான் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். ஓர் அதிகாரிக்கு ஒரு பக்கம். வாரத்துக்கு ஒரு வரி போதும். தேதி, என்ன நடந்தது, யார் பார்த்தார். பெரும்பாலான வரிகள் எதற்கும் பயன்படவில்லை. ஆனால் கெடு நாளன்று வெறுந்தாளின் முன் உட்காரும் நிலை பிறகு எனக்கு வந்ததில்லை.

எங்கள் விதிப்படி முதல் மதிப்பீட்டாளரின் பகுதியை அந்த அதிகாரியிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்றாம் பிளட்டூன் லெப்டினன்ட் வந்தார். நின்றபடியே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பேனாவை எடுத்துவிட்டுத் தயங்கினார்.

"ஏதாவது தவறாக இருக்கிறதா?"

"ஒன்று மட்டும், சார். அந்த வெள்ளைக் கோட்டு யோசனை என்னுடையது இல்லை. சார்ஜென்ட் சொன்னது. நான் சரி என்றேன், பெயிண்ட் வாங்கித் தந்தேன். அதை மாற்ற முடியுமா?"

தாளைத் திரும்ப வாங்கினேன். "இவர் கொண்டுவந்த" என்பதை அடித்துவிட்டு, "தன் சார்ஜென்ட் சொன்ன அடையாளக் கோட்டு முறையை ஒரே வாரத்தில் எல்லா வண்டிகளிலும் நடைமுறையாக்கினார்" என்று எழுதி, புதிய படி எடுக்கச் சொன்னேன். அது வந்ததும் அவர் கையெழுத்திட்டார்.